கம்மிச் செலவில் பின்பக்கப் பிடிப்பு: டிராக் ஓட்ட நினைக்கும் பட்டை வண்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

டிராக் என்றால் நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கால் மைல், அதாவது 402 மீட்டர், நேராக ஓடும் பந்தயம். அது ஓடும் நேர்த்தடம்தான் ஸ்டிரிப். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் பழைய அம்பாசடர், பத்மினி, ஜிப்சி, ஓம்னி வைத்திருப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். எஞ்சினில் பலம் இருக்கிறது, அது தரையில் இறங்க மாட்டேன் என்கிறது, கையில் பெரிய காசும் இல்லை, பின்னால் எதை மாற்றலாம்? இந்த நான்கு வண்டிக்கும் (ஜிப்சியில் ஃபோர் வீல் போடாதபோது) பின்சக்கரம்தான் தள்ளுகிறது. பின்னால் ஒரே நீள ஹவுசிங் (ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக்கூடு), அதைப் பிடித்திருப்பது கமான் பட்டை. அதனால் பதிலும் பெரும்பாலும் பொதுவானதே. காயில் ஸ்பிரிங் வண்டி, முன்சக்கர வண்டி, பைக் மூன்றும் கடைசிப் பக்கம் வருகின்றன.

கிளட்சை விட்டதும் பின்டயர் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள், முதலில் பாருங்கள். சாக்பீஸால் ரிம்மின் ஓரத்திலிருந்து டயரின் பக்கச்சுவர் வரை நேராக ஒரு கோடு இழுங்கள். நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி நிற்கவைத்து, வண்டி கிளம்புவதைப் போனில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். இடது, வலது இரண்டு பக்கமும் வேண்டும்.

டயர் ஒரே சீராக வழுக்கிச் சுற்றினால் அது ரப்பர், காற்று சம்பந்தப்பட்டது. சக்கரம் தடதடவென்று தரையில் குதித்தால் பட்டை முறுக்கிக்கொள்கிறது. வலது சக்கரம் மட்டும் சுற்றி இடது சும்மா நின்றால் அதற்குக் காரணம் வேறு, கீழே சொல்கிறேன். வண்டி நின்றபிறகு சாக்பீஸ் கோட்டையும் பாருங்கள். ரிம்மில் ஓரிடத்திலும் டயரில் வேறிடத்திலும் கோடு விலகியிருந்தால் டயர் ரிம்முக்குள்ளேயே நழுவுகிறது, காற்றை அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். டியூப் டயராக இருந்தால் அடுத்த ஓட்டத்தில் வால்வு பிய்த்துக்கொண்டு போகும்.

இந்த வீடியோ இல்லாமல் கடைக்குப் போனால் கடைக்காரரிடம் என்ன சரக்கு இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டியின் நோயாகிவிடும்.

டயர் நன்றாகத்தான் இருக்கிறது, பட்டனும் தேயவில்லை. அதையும் மாற்ற வேண்டுமா?

பட்டன் ஆழத்தை விட வயதுதான் முக்கியம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். வருடக்கணக்கில் வெயிலில் நின்ற ரப்பர் கெட்டியாகிவிடும், நகத்தை அழுத்தினால் உள்ளே இறங்காது. அதை வைத்துக்கொண்டு கீழே எந்தக் கம்பியைப் பூட்டினாலும் பயனில்லை. எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிற அரக்கோணம் பக்கத்திலேயே கல்லாகிப்போன டயரோடு வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

புதிய டயர் போட்டபின் காற்று. ரேடியல் என்றால் வழக்கமான 30 பி.எஸ்.ஐ.யிலிருந்து இரண்டிரண்டாக இறக்கி ஓட்டிப் பாருங்கள். 22க்குக் கீழே போனால் பெரும்பாலும் லாபம் இல்லை, வண்டி பின்னால் நெளிய ஆரம்பிக்கும். டயரைக் கொஞ்சம் சுற்றவிட்டபின் தரையில் விழும் கறுப்புத் தடத்தைக் குனிந்து பாருங்கள். நடுவில் மட்டும் கறுப்பு என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் கறுத்து நடு வெளுத்திருந்தால் குறைவு.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்கள். காலை 26 டிகிரியில் 24 பி.எஸ்.ஐ. வைத்த டயர், மதியம் 42 டிகிரியில் சும்மா நின்றாலே ஏறக்குறைய 2 ஏறியிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் காலையில் பிடித்த வண்டி மதியம் வழுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் கேஜ் வைத்துப் பாருங்கள். முடிந்ததும் பழைய அளவுக்கு ஏற்றிய பிறகே ஹைவேயில் ஏறுங்கள்.

பின்பக்கம் நன்றாக உட்கார்ந்தால்தானே எடை இறங்கிப் பிடிக்கும்? மெத்தென்ற ஸ்பிரிங் போடலாமா?

எங்கள் பக்கம் அதிகம் காசு வீணாவது இந்த நம்பிக்கையால்தான். அதனால் கொஞ்சம் விரிவாக.

வண்டி கிளம்பும்போது முன்னாலிருந்து பின்னால் எவ்வளவு எடை மாறும் என்பதை நான்கு விஷயம் தீர்மானிக்கிறது: வண்டியின் எடை, அது எடுக்கும் வேகவளர்ச்சி, எடைமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம். முதல் மூன்றையும் பெருக்கி நான்காவதால் வகுத்தால் விடை. ஆளோடு 1,100 கிலோ, எடைமையம் 55 சென்டிமீட்டர் உயரம், அம்பாசடரின் சக்கர இடைவெளி 2.46 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் 0.4 பங்கு வேகவளர்ச்சி எடுத்தால் ஏறக்குறைய 98 கிலோ பின்னால் போகும். இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. ஸ்பிரிங் கல் போல இருந்தாலும் பஞ்சு போல இருந்தாலும் அதே 98 கிலோதான்.

ஸ்பிரிங் மாற்றுவது அந்த எடை எப்படி, எவ்வளவு சீக்கிரம் டயருக்கு வந்து சேர்கிறது என்பதைத்தான். மெத்தென்ற ஸ்பிரிங்கில் பாடி முதலில் கீழே இறங்கும், பிறகு எழும்பும், மறுபடி இறங்கும். அந்த ஆட்டத்தில் டயர் மேல் சுமை கூடிக் குறைகிறது. கிளம்பும் முதல் நொடியில் டயர் அழுந்த வேண்டிய நேரத்தில் பாடி இறங்கிக்கொண்டிருக்கிறது. நன்றாக அமைத்த பட்டை வண்டியில் பின்பக்கம் உட்காருவதில்லை, கொஞ்சம் எழும்பும். பட்டையின் முன்கண் (பாடியில் பூட்டும் முன்முனை வளையம்) இருக்கும் இடத்தில் பாடி மேலே தள்ளப்படுகிறது, அதன் எதிர்வினை டயரைத் தரைக்குள் அமுக்குகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் காலை ஊன்றுகிறவர் உட்காருவதில்லையே, குதிகாலைத் தரையில் குத்தி விறைக்கிறாரே, அதுதான் இது.

ஓம்னிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சேதி. சக்கர இடைவெளி 1.84 மீட்டர்தான், கூரையும் உயரம். அதே வேகவளர்ச்சிக்கு உங்களுக்கு எடை அதிகமாகவே பின்னால் வரும். பிடிப்புக்கு அது நல்லது. நேராகப் போவதற்கு நல்லதில்லை.

பட்டை முறுக்குகிறது என்கிறீர்களே, அது என்ன?

சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது ஹவுசிங் எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும். பினியன் (எஞ்சின் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரம்) இருக்கும் மூக்குப் பகுதி மேலே எழும்பும். அதைத் தடுக்கத் தனிக் கம்பி எதுவும் இல்லாததால் பட்டையே அந்த வேலையையும் செய்கிறது. ஹவுசிங்குக்கு முன்னால் இருக்கும் பாதிப் பட்டை மேலும் கீழுமாக வளைந்து நெளிகிறது. ஓர் அளவுக்கு மேல் டயர் பிடியை விடும். விட்டதும் பட்டை விசுக்கென்று பழைய நிலைக்குத் திரும்பும். டயர் மறுபடி பிடிக்கும், பட்டை மறுபடி முறுக்கும். நொடிக்குள் பலமுறை இது நடப்பதுதான் நீங்கள் கேட்கும் தடதட சத்தம். கிராஸ் (புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு), ஆக்சில் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் மவுண்டிங் எல்லாம் அடி வாங்குவது இப்போதுதான்.

ஆகவே பட்ஜெட் வண்டிக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: முன்பாதிப் பட்டையை விறைப்பாக்கி, ஹவுசிங் சுழலாமல் பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு உதவி.

பட்டைக் கடையில் போய் என்ன சொல்வது?

நம் பக்கம் இதில் அதிர்ஷ்டசாலிகள். சென்னை–பெங்களூரு ஹைவேயில் ஓடும் லாரிகளால் பட்டை அடிக்கத் தெரிந்த கைகள் இங்கே தாராளம். சிக்கல் என்னவென்றால் அவர்கள் கை லோடுக்குப் பழகியது. பிடிப்பு இல்லை என்று சொன்னதுமே "ஒரு பட்டை ஏத்திடலாம் சார், கும்முன்னு நிக்கும்" என்பார்கள். முழுநீளப் பட்டை ஒன்று கூடினால் முன்பாதி, பின்பாதி இரண்டும் கெட்டியாகும், பின்பக்கம் தூக்கும், சாதாரண ரோட்டில் வண்டி துள்ளும். உங்களுக்குத் தேவை முன்பாதி மட்டும்.

இப்படிச் சொல்லுங்கள். பட்டை செட்டை இறக்கி, பிரித்து, துருவைத் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். சென்டர் போல்ட் துளையைச் சுற்றியும் கிளிப் பிடிக்கும் இடத்திலும்தான் விரிசல் முதலில் வரும். பிறகு மெயின் பட்டைக்குக் கீழே, முன்கண்ணை எட்டாமல் சற்று உள்ளேயே முடியும்படி, ஹவுசிங்கிலிருந்து முன்பக்கம் மட்டும் நீளும் ஒரு பாதிப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். பழைய செட்டில் அதே அகலத்தில் கிடைத்தாலே போதும். அது வளைவில்லாமல் ஏறக்குறைய நேராக இருந்தால் வண்டியின் உயரம் மாறாது. முன்பாதியில் பட்டைகளை இறுக்கிப் பிடிக்கக் கூடுதலாக இரண்டு கிளிப். பின்பாதியில் இருக்கும் கிளிப்பைக் கழற்றாமல் தளர்த்திவிட்டால் அந்தப் பக்கம் தாராளமாக விரியும். முன்பாதி விறைப்பு, பின்பாதி தளர்வு என்கிற இதே யோசனையை 1960களிலேயே கிரைஸ்லர் கம்பெனி தன் டிராக் வண்டிகளுக்கான பட்டையில் கையாண்டது. அங்கே அது பாக்கெட்டில் வரும் பொருள். இங்கே கைவேலை, செலவும் சொற்பம்.

பட்டையில் வெல்டிங் வைக்க ஒருவரையும் விடாதீர்கள். கேஸ் வைத்துச் சூடாக்கி வளைப்பதும் கூடாது. ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும், வெல்டு ஓரத்திலேயே ஒருநாள் முறியும். வளைவு மாற்ற வேண்டுமென்றால் குளிர்நிலையில் அடித்துத்தான் மாற்ற வேண்டும்.

புஷ்ஷையும் (பட்டைக் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர்) இதே நேரத்தில் மாற்றிவிடுங்கள். பழைய வண்டிகளில் பலவற்றுக்கு முன்கண் ரப்பர் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். ஹவுசிங் அந்தத் தளர்வு தீரும்வரை முன்னே ஓடி, பிறகுதான் பாடியைத் தள்ளும். டிராக்‌ஷன் பார் (ஹவுசிங் சுழலாமல் தடுக்கும் கம்பி) வேண்டும் என்று வருகிற வண்டிகள் சிலவற்றுக்குப் புது புஷ்ஷும் யு போல்ட்டும் (பட்டையை ஹவுசிங்கோடு இறுக்கும் போல்ட்) போட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடுகிறது. யு போல்ட் எப்போதும் புதிது, ஒருமுறை நீண்டது மறுபடி சரியாக இறுகாது. பூட்டியபின் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

டிராக்‌ஷன் பார் போடலாமா? எந்த மாதிரி?

மூன்று வகை பேசப்படுகிறது. எளியது, பட்டைக்கு அடியில் ஹவுசிங் தட்டோடு சேர்த்துப் பூட்டி முன்னோக்கி நீட்டிய கம்பி. அதன் முனையில் ரப்பர்க் கட்டை இருக்கும். ஹவுசிங் மூக்கைத் தூக்கியதும் கம்பியின் முனை மேலே போய் முன்கண்ணில் முட்டி நிற்கும், முறுக்கு அங்கேயே அடங்கும். இரண்டாவது, அமெரிக்காவில் கால்டிராக்ஸ் என்று விற்கப்படும் மாதிரி. முன்கண்ணில் ஒரு முக்கோணத் தட்டு, ஹவுசிங்கிலிருந்து வரும் கம்பி அதைத் தள்ள, தட்டு பட்டையை மேலிருந்து அழுத்தும். மூன்றாவது ஏணி வடிவ லேடர் பார். அதற்கு சேசிஸில் வெட்டல், வெல்டிங், ஸ்பிரிங் மாற்றம் எல்லாம் வேண்டும், ஸ்டிரிப்புக்கு மட்டுமே ஓடும் வண்டிக்கு அது சரி.

பட்ஜெட் என்றால் என் ஓட்டு முதல் வகைக்கே. இரண்டாவது வகை அதைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் அளவு பிசகினால் பட்டையையே வளைத்துவிடும். படம் பார்த்து நகல் எடுக்கிற வேலை அல்ல.

செய்யும் இடம் பற்றி: ராணிப்பேட்டை பெல் ஆலையைச் சுற்றியும் சிப்காட்டிலும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய. அழுத்தம் தாங்கும் வெல்டிங் செய்து பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். கிரில் கேட் செய்கிற பட்டறையில் இதைக் கொடுக்காதீர்கள். ஜன்னல் கம்பி உடைந்தால் ஜன்னல்தான் போகும்.

கவனிக்க வேண்டியது ரப்பர்க் கட்டை எங்கே முட்டுகிறது என்பது. சரியாக முன்கண்ணுக்கு அடியில் முட்ட வேண்டும். நடுப்பட்டையில் முட்டினால் பட்டை அங்கே முறியும், தரைத் தகட்டில் முட்டினால் தகடு கிழியும். வண்டி நிற்கும்போது கட்டைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு விரல் கனம் இடைவெளி போதும். அதிகம் விட்டால் முட்டும் அதிர்ச்சியிலேயே டயர் பிடி விடும். கட்டைக்கு லாரி பம்ப் ஸ்டாப் ரப்பர் பொருத்தமாக இருக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனி சோல் ரப்பரை அடுக்கி ஒட்டலாமே என்று ஒரு தம்பி கேட்டார். அடுக்கு இரண்டாவது ஓட்டத்திலேயே பிரிந்து பறக்கும் தம்பி.

பினியன் கோணம் என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

பட்டை வண்டிக்கு முக்கியம், ஏனென்றால் கிளம்பும்போது மூக்கு மேலே வரப்போகிறது. நிற்கும்போதே அதைக் கொஞ்சம் கீழே நோக்கி வைத்தால், இழுக்கும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் பினியனும் நேர்கோட்டுக்கு வரும். டிராக்‌ஷன் பார் இல்லாத பட்டை வண்டிகளுக்குக் கியர்பாக்ஸ் கோட்டோடு ஒப்பிட்டு 5 முதல் 7 டிகிரி கீழே என்பது டிராக் ஆட்களின் வழக்கம். பார் போட்டபின் 2 முதல் 4 போதும். தினமும் ஓடும் வண்டிக்கு நான் 3ஐத் தாண்டச் சொல்லமாட்டேன், 60 கிலோமீட்டர் வேகத்திலேயே அதிர்வு வந்துவிடும்.

போனில் இருக்கும் கோணமானியே அளக்கப் போதும். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும், ஜாக்கியில் தொங்கவிட்டு அளந்தால் அந்த எண் குப்பை. மாற்றுவதற்குப் பட்டைக்கும் ஹவுசிங் தட்டுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். அலுமினியம் வேண்டாம், நசுங்கி யு போல்ட் தளரும். லேத்தில் இரும்பில் கடைந்து வாங்குங்கள்.

வலது சக்கரம் மட்டும் சுற்றுகிறது. ஏன் எப்போதும் வலது?

எஞ்சின் முன்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழல்கிறது. அந்த முறுக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாக ஹவுசிங்குக்கு வரும்போது இடது டயரை அமுக்கி, வலது டயரைத் தூக்கப் பார்க்கும். சாதாரண டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) லேசான சக்கரத்துக்கே சுழற்சியைக் கொடுத்துவிடும், வலது சுற்றும்.

நமக்கு இதில் ஒரு சின்ன லாபம் உண்டு. அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம், அதாவது தேவையில்லாத பக்கம். நாம் வலப்பக்கம் உட்காருகிறோம், நம் எடை தேவையான பக்கத்திலேயே இருக்கிறது. பேட்டரியை டிக்கியில் வலது மூலைக்குக் கொண்டுபோனால் இன்னும் கொஞ்சம் சேரும். நல்ல கனமான கேபிள், ஃபியூஸ், அசையாத பெட்டி மூன்றும் இல்லாமல் மட்டும் அதைச் செய்யாதீர்கள். டிராக்‌ஷன் பார் இருந்தால் வலதுபக்க ரப்பர்க் கட்டையின் இடைவெளியை இடதைவிடக் குறைத்து வையுங்கள், வலது முதலில் முட்டி டயரை அமுக்கும். காசே செலவாகாத திருத்தம் இது.

டிஃபரன்ஷியலை உள்ளே வெல்டிங் வைத்து இறுக்கிவிடலாமா என்பார்கள். ஸ்டிரிப்புக்கு டிரெய்லரில் போகும் வண்டிக்கு வைக்கலாம். அதே வண்டியில் மழைநாளில் வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவைச் சுற்ற நினைத்தால் வேண்டாம்.

ஷாக் அப்சார்பர்?

பின்னால் ஒழுகாத, இரண்டு பக்கமும் ஒரே வயதுள்ள சாதாரண ஷாக் போதும். விலை உயர்ந்த அட்ஜஸ்டபிள் ஷாக் வாங்குவது கடைசி வேலை. மேலே சொன்ன எதுவும் செய்யாமல் அதை வாங்கினால் எதை அட்ஜஸ்ட் செய்கிறோம் என்றே தெரியாது. ஷாக் தண்டில் கேபிள் டை ஒன்றை இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். ஓட்டத்துக்குப் பிறகு அது நகர்ந்த இடத்தைப் பார்த்தால் ஷாக் எவ்வளவு அழுந்தியது என்று தெரியும்.

முன்பக்கம் மூக்கு சுலபமாக எழும்பட்டும். முன்னால் ஆன்டி ரோல் பார் இருந்தால் ஸ்டிரிப்பில் அதன் இணைப்பைக் கழற்றலாம். வீட்டுக்குத் திரும்பும் முன் மாட்டிவிட வேண்டும், வளைவில் வண்டி சாய்வது முற்றிலும் மாறிப்போயிருக்கும்.

உயரத்தைக் குறைக்கக் கட்டை வைக்கலாமா?

வேண்டாம். பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே கட்டை வைத்தால் நெம்புகோல் நீளம் கூடி, முறுக்கு இன்னும் மோசமாகும்.

என்னிடம் இருப்பது காயில் ஸ்பிரிங் வண்டி. பழைய இன்னோவா, ஸ்கார்பியோ மாதிரி.

உங்களுக்கு ஹவுசிங்கைப் பிடிக்கத் தனிக் கைகள் இருக்கின்றன, பட்டை முறுக்கும் பிரச்சினை இல்லை. அந்தக் கைகளின் புஷ்களைப் புதிதாக்குங்கள், டயரைக் கவனியுங்கள். அதோடு பட்ஜெட் முடிந்தது. கைகளின் கோணத்தை மாற்றும் பிராக்கெட் வேலை பலன் தரும், ஆனால் அது ஹவுசிங்கில் வெல்டிங் வைக்கும் வேலை. சூட்டில் ஹவுசிங் வளைந்தால் ஆக்சில் பேரிங் சாப்பிட ஆரம்பிக்கும்.

ஸ்விஃப்ட், போலோ போன்ற முன்சக்கர வண்டிகளுக்கு?

எல்லாமே தலைகீழ். எடை பின்னால் போவது உங்களுக்கு நஷ்டம். பின் ஸ்பிரிங்குக்குள் ரப்பர் தாங்கி வைத்துப் பின்பக்கம் உட்காருவதைக் குறைக்கலாம், மூக்கு தூக்குவது மட்டுப்படும். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, மாமா வீட்டு அரிசி மூட்டை எல்லாவற்றையும் இறக்குங்கள். மீதிக் காசு முன் டயருக்கும் எஞ்சின் மவுண்டிங்குக்கும்.

பைக்குக்கு? ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கிறேன். ஸ்விங் ஆர்ம் நீட்டலாமா?

பைக்கில் பாடு வேறு. 98 சி.சி.யில் 11 குதிரைசக்திதான், ஆனாலும் எடை நூறு கிலோ சுமார், சக்கர இடைவெளி குறைவு, மேலே உட்காரும் ஆள் உயரம். டியூன் செய்த வண்டியில் டயர் வழுக்குவதற்கு முன் முன்சக்கரம் எழும்பிவிடுகிறது, பயந்து த்ராட்டிலை விடுகிறோம், நேரம் போகிறது. அதனால் முதலில் எடையைக் கீழே கொண்டுவாருங்கள். முன் ஃபோர்க்கை யோக்கில் கொஞ்சம் மேலே ஏற்றிப் பூட்டினால் முன்பக்கம் இறங்கும். ஓட்டுகிறவர் பெட்ரோல் டேங்கின் மேல் படுத்து, உடம்பை முன்னால் கொண்டுபோவது இலவசம்.

பின் ஷாக்கைக் கழற்றிவிட்டு நேர்க்கம்பி வைப்பது டிராக் பைக்குகளில் வழக்கம். வழவழப்பான ஸ்டிரிப்பில் அது சரிவரும். கொஞ்சம் மேடுபள்ளம் இருந்தாலும் டயர் தரையை விட்டுத் துள்ளும். அதற்குப் பதில் குட்டையான ஷாக்கில் ப்ரீலோடை முழுக்க ஏற்றி வைப்பது நம் பட்ஜெட்டுக்கு நல்ல நடுவழி.

ஸ்விங் ஆர்ம் நீட்டினால் முன்சக்கரம் தூக்குவது கட்டாயம் குறையும். ஆனால் பழைய குழாயை அறுத்து, நடுவே துண்டு வைத்து, முனைக்கு முனை வெல்டிங் அடிப்பதைச் செய்யாதீர்கள். உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் இன்னொரு குழாய் இரு பக்கமும் நன்றாக நீண்டு போக வேண்டும். வெல்டிங்குக்கு ஜிக் வேண்டும், இல்லையென்றால் சக்கரம் கோணலாக நிற்கும். செயினைக் கூடுதல் லிங்க் போட்டு நீட்டாமல் முழு நீளத்தில் புதிதாக வாங்குங்கள். டிரம் பிரேக்கைப் பிடிக்கும் டார்க் ராடையும் அதே அளவு நீட்ட மறக்கக்கூடாது. அதை மறந்தால் முதல் பிரேக்கிலேயே பிரேக் தட்டு சுழன்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் காசில்லை. எந்த வரிசையில் செலவு செய்வது?

காற்றும் கிளட்ச் பழக்கமும் முதலில், ஏனென்றால் செலவே இல்லை. அடுத்து புஷ், யு போல்ட். அதற்கடுத்து டயர். டயரை முதலில் சொல்பவர்கள் உண்டு, நானும் அவர்கள் சொல்வதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் குதிக்கிற வண்டியில் புது டயர் போட்டால் துண்டு துண்டாகப் பிய்ந்துபோவதைப் பார்க்க வயிறு எரியும். அதன்பின் பாதிப் பட்டையும் கிளிப்பும். தடதட சத்தம் இன்னும் இருந்தால் மட்டும் டிராக்‌ஷன் பார். இரண்டு மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாது. முதல் 18 மீட்டரை எத்தனை நொடியில் கடக்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 402 மீட்டரின் மொத்த நேரத்தில் எஞ்சினின் பங்கு அதிகம், பிடிப்பின் கதை முதல் 18 மீட்டரிலேயே தெரிந்துவிடும்.

கம்பெனி எஞ்சினோடு ஓடும் 1.5 டீசல் அம்பாசடர்க்காரர்கள் புஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது வேறு எஞ்சின்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது? பைபாஸில் ராத்திரி ரோடு காலியாகத்தானே இருக்கிறது?

காலியாக இருக்காது. விளக்கில்லாமல் நிற்கும் லாரி, குறுக்கே வரும் மாடு, எதிர்த்திசையில் வரும் டிவிஎஸ் எக்ஸ்எல், எல்லாம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவுப்படி பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் ஒரு வருடம், 10,000 ரூபாய் வரை. அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 182ஏ பிரிவு தனி. ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக எதையும் செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலூரிலிருந்து பெங்களூரு ஹைவேயில் சென்னைப் பக்கம் சுமார் நூறு கிலோமீட்டர் போனால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் 1990இலிருந்து அங்கே இருக்கிறது. தேசிய பைக் டிராக் போட்டிகளும் அங்கே நடந்திருக்கின்றன. ஆம்புலன்ஸ், தடுப்பு, நேரம் எடுக்கும் கருவி எல்லாம் உண்டு. எப்போது திறப்பார்கள், என்ன லைசென்ஸ் வேண்டும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பிடிப்பு வந்துவிட்டது. இனி கவலையில்லையே?

இப்போதுதான் உடைய ஆரம்பிக்கும். இதுவரை டயர் சுற்றிச் சுற்றி எஞ்சினின் முறுக்கை வீணாக்கிக்கொண்டிருந்தது, அதனால்தான் ஆக்சில் ஷாஃப்ட் பிழைத்தது. பிடித்தபின் அந்த முறுக்கு முழுக்க அதன் மேல் விழும். பழைய வண்டியில் ஸ்ப்ளைன் பற்கள் முறுக்கிக்கொண்டிருக்கின்றனவா என்று ஷாஃப்ட்டை உருவிப் பாருங்கள். பல்வரிசை நேராக இல்லாமல் சாய்ந்து தெரிந்தால் அது போகப்போகிற ஷாஃப்ட். கிராஸில் ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரைக் கையால் நெம்பிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு பொருள், பத்து பேரில் ஒருவர்கூட வைப்பதில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன் கிராஸுக்குச் சற்றுப் பின்னால், ஷாஃப்ட்டைச் சுற்றி சேசிஸில் பூட்டும் இரும்பு வளையம். முன் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட்டின் முனை ரோட்டில் குத்தி வண்டியைத் தூக்கிப்போடாமலும், தரையைக் கிழித்துக்கொண்டு உங்கள் காலுக்கு வராமலும் அது தடுக்கும். சுமார் 5 சென்டிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டை இரும்பு போதும், ஆனால் நான்கு போல்ட்டும் சேசிஸில் இறங்க வேண்டும், தரைத் தகட்டில் அல்ல.